சுதந்திரத்தை மீட்ட சீக்கிய அரசர்: என் கற்பனை வரலாற்றுக்கு யோசனை சொல்லுங்கள்

கரிசல்மண்

எல்லோருக்கும் வணக்கம். மாற்று வரலாறாக ஒரு நெடுந்தொடர் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாயகர் ஒரு சீக்கிய அரசர். வரலாற்றில் இல்லாதவர், முழுக்க என் கற்பனை. ஆனால் அவரைச் சுற்றியுள்ள நாடு, படை, ஊர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்குக் கதை இப்படிப் போகிறது. 1846 பிப்ரவரி 10, சொப்ரான் போர். சத்லஜ் ஆற்றின் மேல் கட்டியிருந்த படகுப் பாலம் உடைகிறது, ஆயிரக்கணக்கானோர் ஆற்றோடு போகிறார்கள். அங்கே தந்தையை இழந்த ஒரு சிறுவன் நீந்திக் கரையேறுகிறான். காடுகளில் வளர்கிறான். 1857-ல் வட இந்தியா கொந்தளிக்கும்போது பஞ்சாபில் எழுச்சியைத் தொடங்கி, லாகூரைப் பிடித்து, ஆங்கிலேயரைச் சத்லஜுக்கு அப்பால் விரட்டுகிறான். முடிசூட்டு விழாவோடு முதல் பாகம் முடியும். அப்புறம் 30 ஆண்டு நல்லாட்சி.

இது நடந்திருக்க வாய்ப்புள்ள கதைதானா? எங்கே இடிக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். பஞ்சாப் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால்தான் கேட்கிறேன்.

பழையஏடு

தம்பி, முயற்சிக்கு வாழ்த்துகள். ஆனால் 1857 இந்தக் கதையைத் தாங்காது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதையின் மொத்த எடையும் அந்த ஆண்டின் மேல்தான் நிற்கிறது.

1845-லிருந்து 1849 வரை சீக்கியர் படையோடு மோதிய பிரிட்டிஷ் படையில் பெரும்பான்மையினர் யார்? வங்காளப் படையின் சிப்பாய்கள். அவத், பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எட்டே ஆண்டுகள் கழித்து அதே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, “வாருங்கள், சேர்ந்து போராடுவோம்” என்று பஞ்சாபிகள் எழுவார்கள் என எதிர்பார்க்க முடியாது. தங்கள் நாட்டைப் பிடிக்க வந்த கைகள் இவைதானே என்ற கசப்பு அப்போது ஆறவில்லை. போதாததற்குக் கிளர்ச்சியாளர்கள் டெல்லியில் முகலாய பாதுஷாவை அரியணையில் உட்கார வைத்தார்கள். குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்ட டெல்லி அது. பந்தா சிங் பகதூர் 1716-ல் சித்திரவதை செய்து கொல்லப்பட்டதும் அங்கேதான். அந்த அரியணைக்காகச் சீக்கியர் உயிர் கொடுப்பார்களா?

பாட்டியாலா, நாபா, ஜிந்த் அரசர்கள் 1857-ல் ஆங்கிலேயர் பக்கம் நின்றதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டெல்லிக்குப் போகும் பாதை அவர்கள் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. லாகூரை அடுத்த மியான் மீர் பாளையத்தில் மே 13 அன்றே சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். பஞ்சாப் மக்களிடமிருந்து ஆயுதங்களை அதற்கு முன்பே, நாட்டை இணைத்த கையோடு, வாங்கிவிட்டிருந்தார்கள்.

சிறுவன் நீந்திக் கரையேறும் காட்சி நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் காடுகளில் வளரும் நாயகன் வேண்டாம். லாகூரிலிருந்து பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்கின் அரசு காட்டில் பிறந்த அரசு இல்லை. அலுவலகமும் கணக்கும் வார்ப்படச் சாலையும் கொண்ட அரசு. உங்கள் அரசர் அந்த உலகத்துக்குள்ளிருந்து வந்தால்தான் அவருடைய ஆட்சியை நம்ப முடியும்.

பீரங்கிப்பிரியன்

ஐயா சொன்னது சரி. கரிசல், நீங்கள் ஆண்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். எனக்குப் பிடித்த இடம் 1845 டிசம்பர் 21, 22. ஃபெரோஸ்ஷா போர்.

அந்த இரவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கொதிக்கும். ஆங்கிலேயப் படை சீக்கியர் முகாமுக்குள் பாதி நுழைந்து, பாதி நுழையாமல், உறைபனிக் குளிரில் தரையில் கிடக்கிறது. கவர்னர் ஜெனரல் ஹார்டிங் போர்க்களத்திலேயே இருக்கிறார். விடிந்தால் என்ன ஆகுமோ என்ற நிலையில், தனக்குப் பரிசாகக் கிடைத்திருந்த நெப்போலியனின் வாளைப் பாதுகாப்பாகப் பின்னால் அனுப்பிவிட்டார். இந்தியாவிலேயே உயர்ந்த பதவியில் இருந்தவர் தோல்விக்குத் தயாராகிவிட்டார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மறுநாள் காலை சீக்கியத் தளபதி தேஜ் சிங் புதிய படையோடு வந்து சேர்கிறார். களைக்காத வீரர்கள், நிறைந்த வெடிமருந்து. எதிரில் இருப்பவர்களிடம் சுட மருந்து கிட்டத்தட்ட இல்லை. கொஞ்ச நேரம் பீரங்கி சுட்டுவிட்டு அவர் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். லால் சிங்கும் தேஜ் சிங்கும் ஆங்கிலேயரோடு உள்ளுக்குள் தொடர்பில் இருந்தவர்கள். படை ஜெயிப்பதை அந்தத் தளபதிகள் விரும்பவில்லை. சொப்ரானில் படகுப் பாலத்தின் கதையும் அதேதான். அங்கே வெள்ளை உடை உடுத்திக் களத்துக்குப் போய் மடிந்த கிழவர் ஷாம் சிங் அட்டாரிவாலாவை நினைத்தால், ஒரே முகாமில் எப்படி இந்த இரண்டு வகை மனிதர்களும் இருந்தார்கள் என்று தோன்றும்.

உங்கள் நாயகர் அந்த 22-ஆம் தேதி காலையில் தேஜ் சிங்கிடமிருந்து படையைக் கையில் எடுத்தால் போதும். மீதி தானாக நடக்கும்.

சத்லஜ்கரைத் தமிழச்சி

லூதியானாவில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். “மீதி தானாக நடக்கும்” என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, பிரியன் தம்பி. அந்தக் காலையில் ஜெயித்திருந்தாலும் லாகூரில் யார் ஆண்டிருப்பார்கள்?

1839 ஜூன் 27 அன்று ரஞ்சித் சிங் இறந்தார். அடுத்த ஆறு ஆண்டுகளில் அந்த அரண்மனையில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். மூத்த மகன் கரக் சிங்கை அவருடைய சொந்த மகன் நௌ நிஹால் சிங்கே சில மாதங்களில் ஒதுக்கிவைத்தார். 1840 நவம்பரில் கரக் சிங் இறந்தார். தகனம் முடிந்து திரும்பும்போது கோட்டை வாசல் வளைவு இடிந்து விழுந்து நௌ நிஹாலும் போனார். 19 வயது. அவருடைய தாய் சந்த் கௌர் சில வாரம் ஆட்சியில் இருந்தார், பின்பு 1842-ல் கொல்லப்பட்டார். அடுத்து அரசரான ரஞ்சித் சிங்கின் இன்னொரு மகன் ஷேர் சிங் 1843 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவனான அவர் மகனையும் விடவில்லை. பிரதம மந்திரி தியான் சிங்கும் அதே நாளில் முடிந்தார். அவர் மகன் ஹீரா சிங் 1844-ல். மகாராணி ஜிந்த் கௌரின் அண்ணன் ஜவாஹர் சிங்கை 1845 செப்டம்பரில் படையினரே யானை மேலிருந்து இழுத்துக் கொன்றார்கள். அவர் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தைதான் மகாராஜா துலீப் சிங்.

இந்த அரசு வெளியிலிருந்து வந்த அடியால் மட்டும் விழவில்லை. ரஞ்சித் சிங் பெரிய மனிதர், அதில் எனக்கு ஐயமே இல்லை. 18 வயதில் லாகூரைப் பிடித்து, சிதறிக் கிடந்த மிசல்கள் என்ற சீக்கியக் குழுக்களைச் சேர்த்து, ஆப்கானியர் வழக்கமாக இறங்கி வந்த கணவாய் வாசலையே பூட்டியவர். ஆனால் அவர் எல்லாவற்றையும் தன் ஒரு ஆளின் தலைக்குள் வைத்திருந்தார். அதற்கு முன்னால் சீக்கியர்கள் அமிர்தசரஸில் கூடி, அகால் தக்த் என்ற சீக்கியரின் உயர்ந்த பீடத்தின் முன்னால் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாக முடிவெடுப்பார்கள். சர்பத் கால்சா என்று பெயர். 1805-க்குப் பிறகு அவர் காலத்தில் அது நின்றுபோனது. வேகமாக நாட்டைக் கட்ட அது தடையாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் போன பின்பு, அடுத்தது யார் என்று கேட்கவும் சொல்லவும் உரிமையுள்ள அவை எதுவும் மிச்சமில்லை.

மிச்சமிருந்தது படை. ஒவ்வொரு பிரிவிலும் வீரர்கள் தங்களுக்குள் பஞ்சாயத்து அமைத்துக்கொண்டு சம்பளம் முதல் அரசியல் வரை பேசத் தொடங்கினார்கள். ஆங்கிலேய எழுத்தாளர்கள் அதைக் கட்டுப்பாடு கெட்ட கும்பல் என்று எழுதிவைத்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பிரபுக்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தபோது நாடு யாருடையது என்று கேட்ட ஒரே கூட்டம் அதுதான். கரிசல், உங்கள் நாயகர் அந்தப் பஞ்சாயத்திலிருந்து எழுந்து வரட்டும்.

கரிசல்மண்

பதில்களைப் படித்து அசந்துபோனேன். மூவருக்கும் நன்றி. 1857-ஐ விட்டுவிடுகிறேன். பஞ்சாயத்திலிருந்து வரும் நாயகர் என்ற யோசனை பிடித்திருக்கிறது அக்கா.

ஒரு சிக்கல். 1845-ல் லாகூர் அரசு இன்னும் சுதந்திர நாடுதான். அங்கே அவர் ஜெயித்தால் சுதந்திரத்தைக் காப்பாற்றியவர் ஆவார், மீட்டவர் ஆக மாட்டார். எனக்கு இழந்ததை மீட்ட அரசர் வேண்டும். அதற்கு எந்த ஆண்டு பொருந்தும்?

பீரங்கிப்பிரியன்

அப்படியானால் 1849 ஜனவரி. இதுதான் உங்கள் ஆண்டு, நண்பரே.

1846 மார்ச்சில் லாகூர் ஒப்பந்தம். ஜலந்தர் தோஆப், அதாவது பியாஸுக்கும் சத்லஜுக்கும் இடைப்பட்ட நிலம், பறிபோனது, ஒன்றரைக் கோடி ரூபாய் தண்டம். கொடுக்கப் பணம் இல்லாததால் காஷ்மீரும் போனது. அதை ஆங்கிலேயர் ஒரே வாரத்தில் 75 லட்சத்துக்கு ஜம்முவின் குலாப் சிங்குக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு ஒப்பந்தம். குழந்தை மகாராஜா வளரும்வரை லாகூரில் உட்கார்ந்த ஆங்கிலேயப் பிரதிநிதியான ரெசிடெண்ட்தான் எல்லாம். லாகூரில் அவர்கள் படை, செலவு பஞ்சாபுடையது. பெயருக்கு அரசு, உள்ளே அடிமைத்தனம். ஆகவே 1848-ல் முல்தானில் தொடங்கிய போர் விடுதலைப் போர்தான்.

இனி போர்க்கணக்கு. 1849 ஜனவரி 13, சிலியான்வாலா. ஷேர் சிங் அட்டாரிவாலா புதர்க்காட்டுக்குள் படையை மறைத்து நிறுத்தியிருந்தார். ஆங்கிலேயத் தளபதி கஃப் மாலைப் பொழுதில் அவசரப்பட்டு உள்ளே போனார். 24-ஆம் படைப்பிரிவு அநேகமாக அழிந்தது. மொத்தத்தில் 2,300 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள், பீரங்கிகளையும் கொடிகளையும் இழந்தார்கள். செய்தி லண்டனுக்குப் போனதும் கஃபை மாற்றிவிட்டு நேப்பியரை அனுப்ப முடிவெடுத்தார்கள். நேப்பியர் வந்து சேர்வதற்குள் பிப்ரவரி 21 அன்று குஜராத் என்ற ஊரில் கஃப் ஜெயித்துவிட்டார். நம் குஜராத் மாநிலம் இல்லை, செனாப் ஆற்றுப் பக்கத்திலுள்ள ஊர்.

இடைப்பட்ட அந்த ஐந்து வாரத்தில் என்ன மாறியது? முல்தான். அங்கே ஆளுநராக இருந்த திவான் மூல்ராஜ் கோட்டைக்குள் இருந்துகொண்டு விஷ் என்ற தளபதியின் படையை மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார். ஜனவரி 22-ல் மூல்ராஜ் சரணடைந்தார். விஷ்ஷின் படையும் கனரக பீரங்கிகளும் வடக்கே போய்க் கஃபோடு சேர்ந்தன. குஜராத் களத்தில் ஆங்கிலேயரிடம் ஏறத்தாழ 100 பீரங்கிகள், சீக்கியரிடம் 60-ஐ ஒட்டி. முதல் சில மணி நேரம் பீரங்கிதான் பேசியது, அத்தோடு முடிந்தது.

முல்தான் ஏன் விழுந்தது? 1848 டிசம்பர் 30 அன்று ஒரு மோர்ட்டார் குண்டு கோட்டைக்குள்ளிருந்த பெரிய மசூதியின் கூரையைத் துளைத்தது. மூல்ராஜின் வெடிமருந்துக் கிடங்கு அந்த மசூதிக்குள்தான் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நொடியில் மாண்டார்கள். அதோடு முல்தானின் முதுகெலும்பு முறிந்தது.

அந்த ஒரு குண்டு படாமல் போனால்? முல்தான் இன்னும் இரண்டு மாதம் தாங்குகிறது. விஷ் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். சிலியான்வாலாவில் அடிபட்ட கஃப் தனியாக நிற்கிறார். இவ்வளவு சிறிய மாற்றத்தில் இவ்வளவு பெரிய விளைவு கிடைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது!

உப்பளத்தான்

நல்ல இழை. வெகுநாள் கழித்து இந்தக் களத்தில் எழுதுகிறேன்.

புதுச்சேரிக்காரன் என்பதால் எனக்கு இந்தக் கதையின் இன்னொரு முனை எப்போதும் மனதில் இருக்கும். நாட்டை இழந்த அந்த அரசை மீட்க உண்மையிலேயே ஒரு முயற்சி நடந்தது. அதன் ஒரு நுனி எங்கள் ஊரில் இருந்தது.

துலீப் சிங்கின் கதை தெரிந்திருக்கும். 1849-ல் பத்து வயதில் நாட்டையும் கோஹினூரையும் எழுதிக் கொடுத்தார். கிறிஸ்தவராக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1861-ல் கல்கத்தாவில் தாயைச் சந்தித்தார். சுனார் கோட்டையிலிருந்து தப்பி நேபாளத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கியிருந்த ஜிந்த் கௌர் அப்போது பார்வை மங்கியவராக இருந்தார். நீ யாருடைய மகன், உன்னிடமிருந்து எதையெல்லாம் பறித்தார்கள் என்பதைத் தாயிடமிருந்துதான் அவர் முழுமையாகக் கேட்டிருக்க வேண்டும். 1886-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஏடனில் தடுத்து நிறுத்தினார்கள். அங்கேயே மே மாதத்தில் மறுபடி சீக்கியராக, அமிர்தம் என்னும் தீட்சை பெற்றுக்கொண்டார். அப்புறம் பாரிஸ், அங்கிருந்து ரஷ்யா. ஜார் மன்னரின் உதவியோடு பஞ்சாபை மீட்கலாம் என்பது அவர் திட்டம்.

இந்தத் திட்டத்துக்கு இந்தியாவில் கை கால் கொடுத்தவர் தாகூர் சிங் சந்தன்வாலியா. 1873-ல் தொடங்கிய அமிர்தசரஸ் சிங் சபை என்ற சீக்கியச் சீர்திருத்த அமைப்பின் முதல் தலைவர். பிரிட்டிஷ் போலீஸ் கை நீளாத இடம் தேடி அவர் வந்து தங்கியது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில். துலீப் சிங் அவரைத் தன் பிரதம மந்திரியாக அறிவித்தார். நாடில்லாத ஒரு அரசுக்கு வங்கக் கடலோரத்தில் ஒரு பிரதம மந்திரி இருந்தார்! 1887 ஆகஸ்டில் அவர் புதுச்சேரியிலேயே இறந்துபோனார். ரஷ்யாவில் துலீப் சிங்குக்குப் பெரும் ஆதரவாக இருந்த பத்திரிகையாளர் கட்கோவும் அதே மாதம் இறந்தார். இரண்டு தூணும் ஒன்றாகச் சாய்ந்தன. 1893-ல் துலீப் சிங் பாரிஸில் இறந்தார்.

சத்லஜ் அக்கா மேலே எழுதியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 1843-ல் ஷேர் சிங்கையும் அவர் சின்ன மகனையும் கொன்றவர்கள் அஜித் சிங், லெஹ்னா சிங் என்ற சந்தன்வாலியா பிரபுக்கள். தாகூர் சிங் அந்த லெஹ்னா சிங்கின் மகன். ரஞ்சித் சிங்கின் வம்சத்தை வெட்டிய வீட்டிலிருந்து வந்தவர், அந்த வம்சத்தின் கடைசி மகனுக்காக ஊரையும் உறவையும் விட்டு வந்து பரதேசத்தில் இறந்தார். கரிசல், உங்கள் கதையில் இப்படிப்பட்ட ஒருவருக்கு இடம் கொடுங்கள். போர்க்களத்தை விட இது பெரிது என்பேன்.

பழையஏடு

உப்பளத்தாருக்கு என் வணக்கம். இதை இங்கே யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

பிரியன் சொன்ன முல்தான் யோசனையை நான் ஏற்கிறேன். ஆனால் வெற்றிக்கு அடுத்த நாள் எழும் கேள்விகள் கடுமையானவை. துலீப் சிங் லாகூரில் ஆங்கிலேயர் கைக்குள் இருக்கிறார். போராடும் படை அவர் பெயரில்தான் போராடுகிறது. துலீப் சிங்கின் பெயரில் லாகூரில் ஆளும் அவைக்குத் தேஜ் சிங் தலைவர்! உங்கள் நாயகர் தன்னை மகாராஜா என்று அறிவித்துக்கொண்டால், போராடிய படையே அவரைத் துரோகி என்று சொல்லும்.

ரஞ்சித் சிங்கே இதில் வழிகாட்டுகிறார். 1801 பைசாகியில் அவர் லாகூரில் பட்டமேற்றபோது வெளியிட்ட நாணயத்தில் அவர் பெயர் இல்லை. குரு நானக்கின் பெயர்தான். தன் ஆட்சியைச் சர்க்கார்-இ-கால்சா, அதாவது கால்சா என்ற சீக்கிய சமூகத்தின் அரசு, என்றுதான் சொன்னார். அரசன் சொந்தக்காரன் இல்லை, பொறுப்பாளன் என்ற எண்ணம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முன் பந்தா சிங்கும் குருக்களின் பெயரில்தான் நாணயம் அடித்தார். உங்கள் அரசர் அந்த வரிசையில் வரட்டும்.

அடுத்து, பெஷாவர். 1849-ல் ஆப்கானிய அமீர் தோஸ்த் முகமது சீக்கியருக்குக் குதிரைப்படை அனுப்பினார். சும்மா இல்லை. பெஷாவர் தனக்கு வேண்டும் என்றார், சீக்கியப் படையை நடத்திய அட்டாரிவாலாக்கள் ஒப்புக்கொண்டார்கள். ரஞ்சித் சிங்கின் தளபதி ஹரி சிங் நல்வா 1837-ல் ஜம்ரூதில் உயிரைக் கொடுத்தது அந்தப் பெஷாவருக்காக. நாயகர் ஜெயித்தால் வாக்கைக் காப்பாற்றி ஊரைக் கொடுப்பாரா, வாக்கை மீறி இரண்டு முனையில் போர் செய்வாரா? இந்தக் கேள்விக்கு ஓர் அத்தியாயம் முழுதும் ஒதுக்குங்கள்.

சத்லஜ்கரைத் தமிழச்சி

நான் இதைத்தான் தொட வந்தேன், ஐயா முந்திக்கொண்டார். பெஷாவரைக் கொடுக்கட்டும் என்பது என் கட்சி. கொடுத்த வாக்கை முதல் ஆண்டிலேயே மீறும் அரசரை அப்புறம் யார் நம்புவார்கள்?

குடிமக்களைப் பற்றியும் பேசுவோம். அந்த நாட்டில் சீக்கியர் சிறுபான்மையினர், முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. ரஞ்சித் சிங் அவையில் வெளியுறவைக் கவனித்தவர் ஃபகீர் அஸீஸுதீன். நிதியைப் பார்த்தவர் காஷ்மீரப் பண்டிதர் தீனா நாத். பீரங்கிப் படையில் முஸ்லிம் தளபதிகள் நிறைந்திருந்தார்கள். அலார், வெந்துரா போன்ற ஐரோப்பியர்கள் படையைப் பயிற்றுவித்தார்கள். இதையெல்லாம் பெருமையோடு எழுதுங்கள். கூடவே, லாகூர் பாத்ஷாஹி மசூதி அவர் காலத்தில் படைக்கலச் சரக்கு வைக்கும் இடமாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். பெரும்பான்மை மக்களின் பெரிய தொழுகையிடம் அது. 1856-ல் அதை முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுத்து ஆங்கிலேயர்தான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது பிரியனின் முல்தானைப் பாருங்கள். வெடித்த கிடங்கு இருந்ததும் ஒரு மசூதிக்குள்தான். குண்டு குறி தவறுவதைத் தற்செயலாக வைக்காதீர்கள் கரிசல். உங்கள் நாயகர் முல்தான் கோட்டையில் இருக்கிறார், பீரங்கிக்காரர். தன்னோடு நிற்கும் முஸ்லிம் கோலந்தாஸ்கள், அதாவது பீரங்கி வீரர்கள், கேட்டுக்கொண்டதற்காக, முற்றுகை இறுகும் முன்பே வெடிமருந்தை மசூதியிலிருந்து எடுத்து நிலவறைகளில் பிரித்து வைக்கச் செய்கிறார். குண்டு விழுகிறது, கூரை உடைகிறது, கோட்டை நிற்கிறது. அடுத்தவர் வழிபாட்டுக்குக் கொடுத்த மதிப்பால் நாடு பிழைக்கிறது. அரசரான பின் லாகூர் மசூதியைத் திருப்பிக் கொடுப்பதும் அதே மனிதரின் செயலாக இயல்பாக வந்துவிடும்.

பீரங்கிப்பிரியன்

அக்கா, இது அபாரம். படைத்துறைக் கோணத்திலும் நூற்றுக்கு நூறு சரி. எல்லா மருந்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததுதான் மூல்ராஜ் தரப்பின் பெரிய பிழை.

ஒரு கூடுதல் குறிப்பு. வெற்றிக்குப் பிறகு படைக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய், லாகூர் வீரருக்கு அதைவிடக் கூடுதல். காஷ்மீர் கையில் இல்லை, சால்வை வரி இல்லை. ஜலந்தர் தோஆபின் நிலவரி இல்லை. கேவ்ரா உப்புச் சுரங்கம் இருக்கிறது. முல்தான் வியாபாரம் இருக்கிறது. இந்த வருவாய்க்குள் படையைச் சுருக்கியே ஆக வேண்டும். சுருக்கினால் பஞ்சாயத்துகள் கொதிக்கும். அந்தப் பஞ்சாயத்தில் வளர்ந்தவரே அதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். முடிசூட்டு விழாவுக்குப் பிறகு முதல் பெரிய காட்சி இதுவாக இருக்கட்டும்.

கரிசல்மண்

எல்லாவற்றையும் வைத்துப் புதிதாக எழுதிப் பார்த்தேன். அரசரின் வாழ்க்கைச் சுருக்கம் இது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

குஜ்ரன்வாலா பக்கத்துக் கொல்லர் வீட்டில் பிறக்கிறார். லெஹ்னா சிங் மஜீதியா (சந்தன்வாலியா இல்லை, வேறொருவர்) நடத்திய வார்ப்படச் சாலையில் வேலை கற்று, பீரங்கிப் படையில் சேர்கிறார். 1841-ல் அவருடைய பிரிவு அவரைப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கிறது. ஜவாஹர் சிங் யானை மேலிருந்து இழுக்கப்படும்போது கூட்டத்தில் இருக்கிறார். அலறும் குழந்தை துலீப் சிங்கைத் தூக்கித் தாயின் கூடாரத்துக்குக் கொண்டுபோகிறவர் இவர்தான். சொப்ரானில் ஆற்றில் நீந்திக் கரையேறுகிறார். கலைக்கப்பட்ட படையின் வேலையற்ற வீரராக முல்தானுக்குப் போகிறார். மசூதி, மருந்து, முற்றுகை எல்லாம் அக்கா சொன்னபடி.

1849 வசந்தத்தில் கஃபின் படை உணவில்லாமல் பின்வாங்குகிறது. லாகூரில் பேச்சுவார்த்தை. ரெசிடெண்ட் வெளியேறுகிறார். ஆங்கிலேயர் போகும்போது துலீப் சிங்கைத் தங்களோடு கொண்டுபோய்விடுகிறார்கள். தாய் ஜிந்த் கௌர் சுனாரிலிருந்து தப்பி நேபாளத்தில் இருக்கிறார். அரியணை காலியாகக் கிடக்கிறது. அமிர்தசரஸில் 44 ஆண்டுக்குப் பிறகு சர்பத் கால்சா கூடுகிறது. துலீப் சிங் திரும்பும்வரை நாட்டைப் பார்த்துக்கொள்ள இந்தக் கொல்லர் மகனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயரளவில் பொறுப்பாளர், நடைமுறையில் அரசர்.

ஆட்சியில் பெஷாவரைக் கொடுக்கிறார். அதற்காக நல்வாவின் பழைய வீரர்கள் அவரை மன்னிக்கவே இல்லை. படையைப் பாதியாகக் குறைத்து, வேலை இழந்தவர்களைக் கொண்டு ரவி ஆற்றிலிருந்து வரும் பழைய ஹஸ்லி கால்வாயைத் தூர்வாரி நீட்டுகிறார். மசூதியைத் திருப்பிக் கொடுக்கிறார். 1857-ல் டெல்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் தூதர்கள் வருகிறார்கள். இரண்டு பக்கமும் சேராமல் எல்லையை மூடிக்கொள்கிறார். இந்த முடிவு சரியா தவறா என்று அவை இரண்டாகப் பிளக்கிறது.

கடைசிப் பாகத்தில் 1880-களில் துலீப் சிங் இங்கிலாந்திலிருந்து தன் நாட்டுக்குத் திரும்புகிறார். தாடியில்லாத, பஞ்சாபி தடுமாறும், அரியணைக்கு உரிமையுள்ள மனிதர். கிழவரான நம் அரசர் சாவியைக் கொடுக்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கை நிற்கிறது. கொடுப்பாரா?

உப்பளத்தான்

கொடுக்க வேண்டும் தம்பி. முப்பது ஆண்டு பார்த்துக்கொண்டவர் கொடுக்காமல் போனால் அவருக்கும் தேஜ் சிங்குக்கும் என்ன வித்தியாசம்? தாகூர் சிங் போன்ற ஒருவரைத் தூதராக வைத்து அவரை அழைத்து வரச் செய்யுங்கள்.

சத்லஜ்கரைத் தமிழச்சி

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் உப்பளத்தாரே. துலீப் சிங் மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவருக்கு நடந்தது கொடுமை. ஆனால் ஒரு குழந்தையிடமிருந்து பறித்ததை அவரிடம் தனியாகத் திருப்பிக் கொடுத்தால் நாடு மறுபடி ஒரு வீட்டின் சொத்தாகிவிடும். 1839-க்குப் பிறகு நடந்த எல்லாம் மறுபடி நடக்கும். கிழவர் சாவியை எந்தச் சபை தனக்குக் கொடுத்ததோ அந்தச் சபையிடம் வைக்கட்டும். துலீப் சிங் அங்கே போய், மற்ற எல்லோரையும் போலத் தரையில் உட்கார்ந்து, கேட்கட்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு.

பழையஏடு

அக்கா சொல்வதே என் கருத்தும். கரிசல், அந்தச் சபைக் காட்சியை முதலில் எழுதி இங்கே போடுங்கள். அதில் பேசுகிறவர்களில் பெஷாவரை இழந்த ஒரு பழைய வீரரும், பாத்ஷாஹி மசூதியைத் திரும்பப் பெற்ற லாகூர்க்காரர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். சர்பத் கால்சாவில் சீக்கியர் அல்லாதவருக்கு இடம் உண்டா என்ற கேள்வி அங்கேயே வெடிக்கும். அதற்கு உங்கள் அரசர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.